கப்பல் ஏறுகிறான்

எனக்கும் ஞானபாய்க்கும் தூத்துக்குடியில ஒரே பள்ளிக்கூடத்துல வேலை, ஒரே வித்வான் பரீட்சைக்குப் படிப்பு. அவ கட்டுரையை நான் திருத்துவேன், என்னோடதை அவ திருத்துவா. என் வாய்க்குப் பயந்து வேற யாரும் என்கூடப் படிக்க வரலை, அது கிடக்கட்டும்.

பாடத்துல ஒரு காவியம். நாயகன் கப்பல் ஏறிப் போய், கடைசிக் காண்டத்துல கடல்ல முங்கிச் சாகிறான். ஞானபாய் ஒரு வரியில 'ஏறினான்', அடுத்த வரியில 'ஏறுகிறான்'னு எழுதி வச்சிருந்தா. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

"ஏளா, பாடுன புலவர் செத்துட்டார், அவருக்குப் 'பாடினார்'னு போடு. கதைக்குள்ள இருக்கிறவனுக்குச் சாவு ஏது? எப்போ புத்தகத்தைத் திறந்தாலும் அவன் அப்பத்தான் கப்பல் ஏறுதான்."

"எப்போ திறந்தாலுமா?"ன்னு கேட்டா. முகமே மாறிப்போச்சு.

அவ புருஷன் செல்வதுரை நாப்பத்திரெண்டு தையில ரங்கூன் கப்பல்ல வேலைக்குப் போனவரு. ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பல் முங்கிட்டுன்னு ஊர்ப்பேச்சு. சரியான சேதி கிடையாது. அவுக வேதக் கோயில்ல ஞாயித்துக்கிழமை கடல் போனவுக பேரை வாசிச்சு ஜெபிப்பாக. பேர் வந்தா அந்த வீட்டாளுக எந்திரிச்சு நிக்கணும். ஞானபாய் ஒரு வாரம் தப்பாம நின்னா.

அன்னையிலருந்து அவ கட்டுரையில எல்லாம் 'ஏறுகிறான்', 'பாய் விரிக்கிறான்'தான். கடைசிக் காண்டம் மட்டும் வராது. "பாதியில நிறுத்தினா பாதி மார்க்குதான், மண்டு"ன்னு திட்டினேன். சிரிச்சிட்டு நோட்டை மூடிட்டா.

மறு வருஷம் ஆடியில, அதே கப்பல்ல வேலை பார்த்த விக்டர் ஒத்தக் காலோட அவ வீட்டுக்கு வந்தான். "மதினி, என் கண்ணால பார்த்தேன். அண்ணாச்சி முங்கிட்டாக"ன்னு அழுதான். மாமியார் கிருபாபாய் தலையில அடிச்சுக்கிட்டு விழுந்தா. ஞானபாய் விக்டருக்குச் சோத்தைப் போட்டு, "சாளைக் கருவாடுன்னா அவுக ரெண்டு பிடி கூடத் தின்பாக, நீயும் தின்னு"ங்கா. அடி பாவி!

மகன் பேரை நித்திரையடைந்தவுக ஜெபத்துக்கு மாமியாரே கொடுத்துட்டா. அந்த ஞாயிறு ஞானபாய் என்னையும் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா. கடல் போனவுகள்ல செல்வதுரை பேர் வரலை. இவ எந்திரிச்சு நின்னா. பிறகு பாதிரி ஐயர் செத்தவுக பேரை வாசிச்சார், செல்வதுரைன்னார். எல்லாரும் முழங்கால் போட்டாக. இவ மட்டும் நிக்கா. சேலையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன், அசையலை.

அன்னைக்குச் சாயங்காலம் கடைசிக் காண்டத்தை எழுதிக் கொண்டாந்தா. 'அலை மூடுகிறது. மூச்சுக்குத் தவிக்கிறான். முங்குகிறான்.'

"செண்பகம், எப்போ திறந்தாலும் அப்பத்தான் ஏறுதான்னு சொன்னியே. அப்போ எப்போ திறந்தாலும் அப்பத்தான் முங்குதாகளா? இத்தனை நாளும் தினம் தினம் மூச்சுக்குத் தவிச்சாகளா? நான்தான் அவுகளைச் சாகவிடாமப் பிடிச்சு வச்சிருக்கேனா?"

பேனாவை எடுத்து அவ கையில வச்சேன். "பரீட்சை நாசமாப் போகட்டும்ளா. 'முங்கினான்'னு எழுது. அந்த மனுஷனை விட்டுரு."

எழுதினா. எழுதிட்டு என் மடியில விழுந்து, தெருவே கூடுற மாதிரி அலறினா.

அடுத்த ஞாயிறும் போனோம். கடல் போனவுக பேரை வாசிக்க ஆரம்பிச்சாக. ஞானபாய் பெஞ்சு விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. நான் அவளைப் பிடிக்கலை. கிருபாபாயும் பிடிக்கலை. கடைசிப் பேர் முடியுறவரை அவ உட்கார்ந்தே இருந்தா.