கோதுமை இல்லாத எட்டுக் கிழமை

ஞாயிறு பூசை முடிந்த கையோடு தோட்டவெளி ஊரில் சிங்கராசா வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சிங்கராசா, அவர் மனைவி எடித், கோயில் மூப்பர் இராசேந்திரம், அவர் மனைவி மக்டலின், திருநாள் கொமிற்றிச் செயலாளர் ஜெராட்.

எடித் தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். சிங்கராசா கேக்கைத் தொடவில்லை.

"அண்ணை இப்ப கேக்கும் எடுக்கிறேல்லைப் போல" என்றாள் மக்டலின்.

அந்தக் 'கேக்கும்' எதைக் குத்துகிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. ஐந்து ஞாயிறாகச் சிங்கராசா பூசையில் நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், வாங்கப் போகவில்லை. கோயிலே எழுந்து வரிசையில் போக, அவர் மட்டும் இரண்டாம் வாங்குப் பலகையடியில் முழந்தாளில் இருந்தார்.

ஜெராட் தொண்டையைச் செருமினான். "ஐயா, திருநாள் கொடி உங்கட குடும்பம்தான் ஏத்திறது. அதிலை ஒருத்தருக்கும் குறையில்லை. ஆனா நன்மை எடுக்காத ஆள் கயிறு பிடிச்சா சனம் கதைக்கும்."

"என்னெண்டு கதைக்கும்?"

"பாவசங்கீர்த்தனத்திலை சொல்லேலாத ஏதோ இருக்காம்" என்றாள் மக்டலின். "வேற சபைக்கு மாறப்போறியளாம் எண்டும் கதை."

சிங்கராசாவின் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் பிடித்த கயிறு அது. அவருக்கோ களைப்பாக இருந்தது. பதினொரு வருடமாக வயிற்றுக்குக் காவல் இருந்த களைப்பு. அரிப்பு ஊரில் ஒரு செத்தவீடு என்றாலும், வழியில் எங்கே கக்கூஸ் இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் வயிற்று நோய்க்கு ஒரு ஆய்வு நடக்கிறது என்றதும் பெயர் கொடுத்தார். "எட்டுக் கிழமைக்குக் கோதுமை ஒரு துளியும் வாயிலை வைக்கக் கூடாது ஐயா" என்றாள் நேர்ஸ் டிலக்சனா. நன்மை அப்பமும் கோதுமைதானே என்று கேட்க வாய்வரை வந்தது. நன்மையையும் வயிற்றாலை போவதையும் ஒரே பேச்சில் வைக்க அவரால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

எட்டில் ஐந்து போய், இன்னும் மூன்று கிழமை இருந்தது. வருகிற ஞாயிறு எழுந்துபோய் நாக்கை நீட்டினால் ஊர் வாய் மூடிவிடும். ஆய்வுக்காரருக்குத் தெரியவும் போவதில்லை. ஆனால் கையெழுத்து அவருடையது.

எழுந்து உள்ளே போனார். அலுமாரியில் காணி உறுதிப் பத்திரங்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து வந்து கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் வரிசையாக ஏழு படங்கள்.

"இதென்ன அண்ணை?" மக்டலின் குனிந்து பார்த்தாள்.

"மலம்" என்றார் சிங்கராசா. "எனக்குப் பதினொரு வருசமா வயித்தாலை போகுது. எத்தினை தரம், எப்பிடிப் போனது எண்டு ஒவ்வொரு நாளும் இதிலை எழுதிக் குடுக்கிறன். கோதுமை தின்னக் கூடாது. நன்மை அப்பம் கோதுமை. பாவமும் இல்லை, வேற சபையும் இல்லை."

ஜெராட் கையிலிருந்த கேக்கை மெல்லத் தட்டில் வைத்தான்.

"பங்குச் சுவாமியட்டைக் கேட்டிருந்தா ஒரு வழி சொல்லியிருப்பாரே" என்றார் இராசேந்திரம்.

"கேக்கிறதெண்டா முதல் இதையெல்லோ சொல்லோணும்."

மக்டலினின் குரல் இறங்கியது. "எங்கட இவருக்கும் உப்பிடித்தான் அண்ணை. கருவாடு கண்ணிலை பட்டாலே..."

"மக்டலின்!" என்றார் மூப்பர்.

கொடியேற்றத்தன்று கயிற்றைச் சிங்கராசாதான் பிடித்தார். கொடி பாதி ஏறும்போதே கயிற்றை விட்டுவிட்டு அவர் ஓடினார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். அது பொய். கொடி உச்சிக்குப் போய், முடிச்சும் போட்ட பிறகுதான் போனார். நடந்துதான் போனார்.