தெற்குக் காற்றை நிறுத்தியவன்

என் தம்பி பால்டோமெரோவுக்கு வாய்தான் எமன். எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூன் மாதத் திருவிழாவில் பேதுரு சாமியைப் படகேற்றி பைட்டா துறைமுகத்தைச் சுற்றி வந்தோம். ஊரே கேட்க, "சாமி, இந்தத் தெக்குக் காத்தக் கொஞ்சம் நிறுத்தும், குளிர்ல எலும்பு நடுங்குது!" என்று கத்தித் தொலைத்தான்.

ஜனவரியில் காற்று நின்றேவிட்டது. கடல் கஞ்சித்தண்ணி போல வெதுவெதுத்தது. நெத்திலி மருந்துக்கும் இல்லை. பெலிக்கன் பறவைகள் என் மீன்சாப்பாட்டுக் கடை வாசலில் பிச்சைக்கு நின்றன. பாலைவன ஊரில் மழை வேறு!

அவன் படகுக்காரர்கள் எட்டுப் பேரும், "இவன் ஏறினா நாங்க ஏற மாட்டோம்" என்றுவிட்டார்கள். கடலைத் தவிர வேறெதுவும் தெரியாத பயல், கரையில் கிடந்து வாடினான். எனக்கு வயிறெரிந்தது.

கடல் சூட்டை அளக்க வந்து என் கடையில் சாப்பிடும் யெசேனியாவைத் துறைக்கு இழுத்துப் போனேன். "இந்த முட்டாளுங்களுக்கு நீயே சொல்லு தாயி."

"தெக்குக் காத்து கரையோரமா வீசினா, பூமி சுத்துற சுத்துல மேல்தண்ணி கரைய விட்டு விலகிப் போகும். அந்த எடத்துக்கு அடியிலேர்ந்து குளுந்த தண்ணி ஏறும். நெத்திலிக்குத் தீனி அதோடதான் வரும். இப்ப மாகடல் முழுக்கக் காத்து தளந்துபோச்சு. மேற்க குவிஞ்சிருந்த சூட்டுத்தண்ணி இங்க வந்துருச்சு. அதான் இங்க மழை, மாகடலுக்கு அந்தப் பக்கக் கரையில வறட்சி. இவ்வளவும் இவர் வாயாலயா?"

"அப்ப இவன் காரணமில்லயா?" என்றார் மூத்தவர் இலாரியோ.

"இல்லவே இல்ல."

"காத்து எப்பத் திரும்பும்?"

"மாசக்கணக்காகும். நாம செய்ய ஒண்ணுமில்ல."

எட்டு முகமும் தொங்கிப்போயின. இலாரியோ வலைக்குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டேய், தப்பிச்சே, படகுல ஏறு" என்று தம்பியைத் தள்ளினேன். அவன் நகரவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவங்க படிச்சவங்க. ஆனா நிறுத்தச் சொன்னது நான்தானே? நானே வெறுங்காலோட கோயிலுக்குப் போயி, காத்தத் திருப்பிக் கேக்குறேன்" என்றான்.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று இலாரியோ துள்ளி எழுந்தார். எட்டுப் பேருக்கும் உயிர் வந்தது; அவனை வசைபாடினார்கள். ஒருவன் மெழுகுவர்த்தி வாங்க ஓடினான். "காத்து வந்தா இந்தக் கிழிசலையா வீசுறது?" என்று இன்னொருவன் வலை தைக்க உட்கார்ந்தான்.

தம்பியை அறையலாம் போல ஆத்திரம் எனக்கு, கண்ணில் தண்ணீரும் முட்டியது. யெசேனியா மறுத்துப் பேச வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு தாயி" என்று அவள் வாயைப் பொத்தினேன்.