ஒரு செங்கல் தள்ளி

“கால் பக்கம் இடிக்குது, நிறுத்துங்க!”

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் வண்டிக்காரர் போட்ட சத்தத்தில் பெரியவன் அப்படியே நின்றான். தலைப்பக்கம் அவன் கையில் இருந்தது. குனிந்தால் அம்மாவின் முகம். தூங்குகிறவளைப் போலத்தான் இருந்தாள். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்து மறந்துவிட்டவளைப் போல.

“கொஞ்சம் பின்னாடி போங்க சார். இப்ப சாய்ச்சுப் பாப்போம்... ம்ஹூம். திரும்பாது.”

பின்னால் போனார்கள். மறுபடி முன்னால் வந்தார்கள். அம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததும் நடை வலது பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை பழைய சுவரிலும் மறுமுனை புதுச் சுவரிலும் முட்டிக்கொண்டது. உள்ளே கொண்டுபோனபோது காலியாக இருந்ததால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கும் உறைக்கவில்லை.

“யாருங்க இந்த இடத்துல இப்படி ஒரு சுவரைக் கட்டினது?” என்று வண்டிக்காரர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார். சும்மாதான் கேட்டார்.

கட்ட வைத்தவன் பெரியவன்.

எல்லாம் ஓர் ஒழுகலில் ஆரம்பித்தது. கூரையில் விரிசலை அடைக்க வந்த மேஸ்திரி, சுத்தியலால் லேசாகத் தட்டிக் காட்டினார். கம்பியின் துரு பொலபொலவென்று கொட்டியது. கம்பியைச் சரிசெய்யப் போனால் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் இற்றுப் போயிருந்தது. குழாயைப் பிடுங்கினால் பின்னால் கழிவுத்தொட்டி வாயைப் பிளந்தது. டாக்டரிடம் கூச்சப்படுகிற ஆளைப் போல, அந்த வீடு தன் நோய்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியவனுக்கு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. மேஸ்திரி ஒரு மூட்டை சிமெண்ட் கேட்டால் அவன் அரை மூட்டை வாங்கி வருவான். “மீந்துபோனா கல்லாயிடும் மேஸ்திரி. வேணும்னா திரும்பப் போய்க்கலாம்” என்பான். மேஸ்திரி அவன் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அரைமூட்டை. அந்தப் பெயர் அம்மா காதுக்குப் போனதும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். “அரைமூட்டை சார், சாப்பாடு ஆறுது. அரைத் தட்டு போடவா, முழுத் தட்டு போடவா?”

கையிருப்பு கரைந்து, கடனும் ஏறிய பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கூடம் பெரிசு. அதில் ஒரு சுவரை எழுப்பி, தெருப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் தனி அறை. வாடகைக்கு விடலாம். வீடு தன் வைத்தியச் செலவைத் தானே சம்பாதித்துக் கொள்ளும். கொத்து வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு ஆசிரியை குடும்பம் வந்து பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டது. அது அன்றைக்கே கூரைக்குள் போய்விட்டது.

ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எங்க கட்டில் கொஞ்சம் பெரிசு. போட்டா நடக்க இடம் இருக்குமா?”

“தாராளமா இருக்கும்” என்றான் பெரியவன். மறுநாள் மேஸ்திரி நூல் கட்டித் தரையில் கோடு போட்டபோது, “ஒரு செங்கல் தள்ளிப் போடுங்க. நம்ம பக்கமா” என்றான்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நடை சுருங்கிடும் சார். அந்த முக்குல பீரோ திரும்புமா?”

“பீரோவே இல்லையே! வித்தாச்சே.”

வாஸ்தவம்தான். கூரைக் கம்பிக்காக விற்ற பொருள்களில் அம்மாவின் பீரோவும் ஒன்று. அவள் புடவைகள் அப்போதே அட்டைப் பெட்டிக்கு மாறியிருந்தன. அம்மா அறை வாசலில் நின்று கோட்டைப் பார்த்தாள். காலால் அளந்து பார்த்தாள்.

“ஏன்டா, வழி ரொம்ப ஒடுக்கமா இல்ல?”

“ஏம்மா, நீ என்ன உள்ள யானையா கட்டி வளக்கப் போற?”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தார், அவன் மனைவி சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மாதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “அதுக்குத் தீனி போட உன்கிட்ட ஏதுடா காசு” என்றபடி உள்ளே போய்விட்டாள்.

சுவர் எழும்பிப் பூச்சு முடிந்த மறுநாள் காலை காப்பிக்கு அம்மா எழுந்து வரவில்லை. மனைவி போய் எழுப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க” என்று கூப்பிட்ட குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போயிருக்கிறாள், விடிகிற நேரமாக இருக்கும், நெஞ்சுதான் என்று சொல்லிவிட்டு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்து, அங்கிருந்து நேரே அடக்கம் என்று முடிவானது. வீட்டில் கிடத்தலாம் என்றால் கூடம் முழுக்க மணலும் பலகையும். ஆக, இந்த வீட்டைவிட்டு அம்மா போவது இதுதான் கடைசி.

“பின்பக்கமா கொண்டு போயிடலாமா?” என்றார் உடன் வந்த உதவியாளர்.

“பின்னாடி குழி தோண்டிக் கிடக்கு” என்றாள் மனைவி. “ஒரு ஆள் பலகையில நடக்கலாம். அவ்வளவுதான்.”

வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரை மறுபடி அறைக்குள் இறக்கி வைக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாடி வீடுகள்ல நாங்க பண்றதுதான். ஒரு நாற்காலியில உக்கார வச்சு, துணியால கட்டி...”

“கட்டியா?” அதுவரை அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். செய்தி கேட்டு ஈரத் தலையோடு ஓடி வந்திருந்தாள். “எங்கம்மாவ நாற்காலியில வச்சுக் கட்டுவீங்களா? அண்ணா, நீ கேட்டுக்கிட்டு நிக்கிறியா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அதைத்தான் கேக்குறேன். சொல்லு. அந்தச் சுவரை இடிக்கச் சொல்லு.”

சாவு என்று தெரியாமல் வழக்கம்போல வேலைக்கு வந்த மேஸ்திரி, சாப்பாட்டுத் தூக்கைக் கூடத் தரையில் வைக்காமல் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். இதைக் கேட்டதும் உள்ளே வந்தார்.

“பச்சைச் சுவருதான் சார். நேத்துதான் பூச்சு முடிச்சது. நாலு போடு போட்டா விழுந்துடும். நான் திரும்பக் கட்டித் தரேன். கூலி வேணாம். அம்மாவுக்காக.”

“இடிச்சிடலாங்க” என்றாள் மனைவி. “முதல்ல அத்தை போகட்டும். மத்ததெல்லாம் அப்புறம்.”

எல்லோரும் பெரியவனைப் பார்த்தார்கள்.

அவன் சுவரைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், அவனைக் கேட்காமலேயே, தலைக்குள் எண்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இடிந்த செங்கலில் பாதி தேறாது. மறுபடி மணல், மறுபடி சிமெண்ட். உள்ளே பதித்த ஒயர் போச்சு. ஆசிரியை இந்த வாரக் கடைசியில் சாமான்களோடு வருகிறாள். சுவர் இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பாள். எங்கிருந்து கொடுப்பது? இன்னும் அம்மாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. மணல் விலை வந்துவிட்டது. ‘ச்சீ’ என்று தன்னையே அதட்டிப் பார்த்தான். எண்கள் நிற்கவில்லை.

“சீக்கிரம் முடிவு பண்ணுங்க சார்” என்றார் வண்டிக்காரர். “நேரமாக ஆக உடம்பு விறைச்சிடும். கழுத்து இப்பவே பிடிக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் நீங்க இடிச்சாத்தான் உண்டு.”

‘இடிங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“நானே தூக்கிட்டு வரேன்” என்று வந்தது.

“அண்ணா...”

“என் அம்மா. நான் தூக்கிட்டு வரேன். யாரும் கட்ட வேணாம், இடிக்க வேணாம்.”

தங்கை அவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அம்மாவின் புடவைத் தலைப்பைச் சரிசெய்து இடுப்பில் செருகிவிட்டாள்.

பெரியவன் ஒரு கையை முதுகுக்கும் இன்னொரு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினான். தூக்குவதற்காக மூச்சைப் பிடித்திருந்தான். அந்த மூச்சு அதிகப்படியாகிவிட்டது. இவ்வளவுதானா? அரை மூட்டைகூட இதைவிடக் கனக்கும் என்று நினைத்தான்.

நடையில் நேராகப் போக முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முதுகைப் பழைய சுவரில் தேய்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நகர்ந்தான். திருப்பத்தில் அதுவும் நடக்கவில்லை. அம்மாவை நிமிர்த்தித் தன் மார்போடு சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகம் அவன் தோளில் வந்து விழுந்தது. எண்ணெய் வாசனையும் மூலிகைத் தைல வாசனையும். புதுச் சுவரின் முனை கூராக, மேஸ்திரியின் கைவண்ணத்தில் கத்தி போல இருந்தது. அதில் அம்மாவின் தலை பட்டுவிடக் கூடாதே என்று உள்ளங்கையை முனைமேல் பொத்திக்கொண்டான். அப்படியே, கையைச் சுவரோடு சுவராகத் தேய்த்தபடி, அந்த முக்கைத் தாண்டினான். கீழே எங்கோ மெல்லிய சத்தம், துணி கிழிவதைப் போல. அம்மாவின் குதிகால் ஈரப் பூச்சில் உரசிப்போன சத்தம்.

கூடத்தில் கூடியிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் விசும்பியே விட்டார்.

“பாருங்கய்யா. பெத்த தாயைக் குழந்தை மாதிரி ஏந்திட்டு வரான். பிள்ளைன்னா இவன் பிள்ளை!”

“நாற்காலியில வைக்கலாம்னு சொன்னாங்களாம். விடமாட்டேன்னுட்டானாம்.”

வண்டிக்குள் அம்மாவைக் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை கிடைக்காது தம்பி” என்றார். உள்ளங்கையில் தோல் உரிந்து சிமெண்ட் அப்பியிருந்தது. பெரியவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரிக் கதவு அம்மாவை வாங்கிக்கொண்டது. தம்பி மறுநாள் மதியம் இறங்குவதாகத் தகவல் வந்தது. சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பியபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் கதை வளர்ந்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் யாராவது ஒருவர், “தன் கையாலேயே தூக்கிட்டு வந்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பெரியவன் தரையைப் பார்த்தான். பார்க்கிறவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது.

தங்கை படியில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரோ மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போய் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா கனமா இருந்தாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“ம்.”

அவ்வளவுதான். அவள் கேட்க வந்தது அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

மேஸ்திரி அன்று வேலை பார்க்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மணலை ஓரமாக ஒதுக்கி, நாற்காலிகளைத் தூக்கிப் போட்டு, மகன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் தயங்கித் தயங்கி உள்ளே கூப்பிட்டார்.

“சார், ஒரு விஷயம். இந்த இடத்துல...”

புதுச் சுவரின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்கும் கீழே, பூச்சில் ஒரு கீறல் ஓடியது. விரல் ஆழம் இல்லை. திருப்பத்தில் ஆரம்பித்து, சற்றே மேலேறி, கூடத்துக்கு முன்னால் முடிந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு. இப்ப பூசினா ஒட்டிக்கும். நாளைக்கு ஆச்சுன்னா காய்ஞ்சிடும், அப்புறம் கொத்தித்தான் பூசணும். இல்ல...” மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “அப்படியே விட்டுடறதுன்னாலும் விட்டுடலாம் சார். உங்க இஷ்டம்.”

மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

பெரியவன் குனிந்து அந்தக் கீறலைத் தொடப் போனான். தொடாமல் நிமிர்ந்தான்.

“பூசிடுங்க மேஸ்திரி” என்றான். “குடி வர்றவங்க கேப்பாங்க.”

மேஸ்திரி ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கரண்டியையும் கொஞ்சம் கலவையையும் எடுத்து வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கரண்டி ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. பெரிய வேலை இல்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது.

“அத்தை ரூம்ல விளக்கைப் போடுங்க” என்றாள் மனைவி. “இருட்டிக்கிட்டு வருது.”

பெரியவன் நடைக்குள் நுழைந்தான். கை வீசி நேராக நடக்க அங்கே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அவன் பக்கவாட்டில் திரும்பி, முதுகைப் பழைய சுவரில் தேய்த்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நகர்ந்தான். திருப்பம் வந்ததும் அவன் கை தானாக உயர்ந்து சுவரின் முனையைப் பொத்திக்கொண்டது.