மூன்றாவது பாயிண்ட்

"என் பேருக்குக் கீழே 'நிறுவனத் தலைவர், சிறு ரயில் ஆர்வலர் கழகம்'னு போடுங்க. அடுத்த வரியில 'தொழில்நுட்ப ஆலோசகர்'. அதையும் விட்டுடாதீங்க," என்று சேர்மன் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்முனையில் அச்சகத்துக்காரர் இருமினார். "போட்டுடலாம் சார். ஆனா அஞ்சலி நோட்டீஸ்ல உங்களுக்கே நாலு வரி ஆகுது. இறந்தவருக்கு ரெண்டுதான் மிஞ்சுது."

"அவன் ரொம்ப எளிமையான ஆளுப்பா. ரெண்டு வரி போதும்னுதான் அவனே சொல்லுவான்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்த எளிமையான ஆள், அவருடைய தம்பி, கூடத்தின் நடுவே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தான். விடிகாலையில் போன உயிர். நான்கு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. சேர்மன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலிகளின் வரிசை சரியில்லை என்று சொல்லப் போனார்.

'சேர்மன்' பட்டப்பெயர்தான். மேஜை மேல் குட்டி ரயில் ஓட்டுகிற கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் டீ உண்டு என்று தெரிந்தால் மட்டும் வருகிற உறுப்பினர்கள். ஆனாலும் இருபது வருஷமாக வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அதுதான் பேர். தம்பி மட்டும் "அண்ணே" என்பான்.

தம்பி பல்செட் கட்டுகிறவன். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவன் முன்னறையில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மெழுகில் பல் பல்லாக நட்டு, தேய்த்து மெருகேற்றி அனுப்புவான். அக்கம்பக்கத்துக் கிழவர்கள் பாதிப்பேர் அவன் தயவில்தான் சிரித்தார்கள். அந்த ஆளுக்குக் கர்வம் கிடையாது. அவன் கைக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

ஈரலில் கட்டி என்று தெரிந்து, ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரத்தில், "அண்ணே, ஒரு மேஜை மேல ரயில் விட்டுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை," என்றான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய எஞ்சின் ஒன்று அவனிடம் பெட்டி பிரியாமல் கிடந்தது. விரல் நீளம் இருக்கும்.

சேர்மன் மலர்ந்துபோனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் ஆலோசகரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறான்.

கடையில் தம்பியின் கை போனது உயரமான, சாதாரணத் தண்டவாளத்தின் மேல். "இதுல பழசு புதுசு எதுவும் ஓடுமாம்ணே." பாதை பிரிகிற இடத்துக்கு வைக்கும் பாயிண்டிலும் நீளமானதை, மெதுவாக வளைவதையே எடுத்தான்.

"தண்டவாளமாடா இது, ஜன்னல் கம்பியா? நிஜ ரயில்ல இவ்வளவு உயரமாவா இருக்கு? கழகத்துல யாராவது பார்த்தா என் மானம் என்னாகும்?"

கழகத்தில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேர்மன் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பார்க்க அசல்போல மெல்லிசாக, தாழ்வாக இருந்த தண்டவாளமும் அதே ஜாதியில் நான்கு பாயிண்டுகளும் வீட்டுக்கு வந்தன.

எஞ்சின் முதல் இரண்டு பாயிண்டைத் தத்தித் தத்தித் தாண்டியது. வளைவில் இருந்த மூன்றாவதில் கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் அங்கேயே. தம்பி ஆணியைப் பிடுங்குவான், பாயிண்டைத் தூக்குவான், அடிப்பலகையைத் தேய்ப்பான், மறுபடி பதிப்பான். மறுபடி கவிழும்.

"எங்கேயோ பிசகுதுண்ணே. எங்கேன்னுதான் தெரியல."

"உன் கை பிசகுதுடா. இத்தனை மாத்திரை முழுங்கற, நடுக்கம் வரத்தான் செய்யும்." கழகக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற குரல் தானாக வந்துவிட்டது.

தம்பி இரண்டு கைகளையும் விளக்கடியில் நீட்டி வெகுநேரம் பார்த்தான். "அப்படியா? எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுது."

மறுநாள், கட்டிக்கொண்டிருந்த பல்செட்டைப் பாதியிலேயே டாக்டருக்குத் திருப்பி அனுப்பினான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை.

பத்து நாள் கழித்து, பாயிண்ட் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப்போன சேர்மன், அடியில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுத்தாளைப் பார்த்தார். பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பு ஆழமானது, அவற்றுக்கு இந்தப் பாயிண்ட் ஒத்துவராது என்று போட்டிருந்தது. புரியாதவர்களுக்காகப் படமும் இருந்தது. இரண்டு தடவை படித்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து மாதம் போயிற்று. நடுவில் அந்தச் சட்டை சலவைக்குப் போய், தாள் கூழாகித் திரும்பியது. ஒரு வேலை ஒழிந்தது என்றுகூட அன்றைக்கு நினைத்தார்.

சாவு வீட்டுக்கு இரண்டரை மணிக்குப் பல் டாக்டர் வந்தார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, தம்பி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதியில அனுப்பினாரே ஒரு செட்டு, வேற ஆளை வெச்சு முடிச்சேம்மா. இவர் கட்டின பக்கம் அப்படியே கச்சிதமா உட்கார்ந்துச்சு. புது ஆள் கட்டின பக்கத்தைத்தான் மூணு தடவை தேய்க்க வேண்டியதாப் போச்சு. ஏன் விட்டார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"கை நடுக்கம் டாக்டர். எங்க யாருக்கும் தெரியல, அத்தான்தான் கண்டுபிடிச்சுச் சொன்னார்." அவள் சேர்மனை நன்றியோடு பார்த்தாள். "அன்னியிலேருந்து ரேசரைத் தொடல. ஸ்பூனைத் தொடல, நான்தான் ஊட்டினேன். யாராவது வந்தா கைய போர்வைக்குள்ள வெச்சுக்குவார். அண்ணன் மட்டும் சொல்லலைன்னா யார் வாயவாவது புண்ணாக்கியிருப்பேன்னு சொல்லிட்டே இருந்தார்."

டாக்டர் துணிக்கு வெளியே தெரிந்த கையைப் பார்த்தார். பிறகு சேர்மனை. "ஈரல்ல வந்தது கைக்கு எப்படிங்க போச்சு?"

"வயசு..." என்றார் சேர்மன்.

"அம்பத்திநாலுதானே?"

"நாற்காலி பத்தல போலிருக்கு, பார்த்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தார். வாசலில் பதினோரு நாற்காலிகள் காலியாக இருந்தன. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அங்கே தம்பி மகள் இருந்தாள். ரயில் மேஜை முன்னால் நின்றிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள்; அப்பாவின் கை அப்படியே வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

"கதவைச் சாத்துங்க பெரியப்பா. இதைப் பாருங்க."

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து சுவிட்சைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கவிழ்ந்தது. எடுத்து வைத்தாள். கவிழ்ந்தது.

"பார்த்தீங்களா? பாயிண்டைக் கழட்டி நானே புதுசா வெச்சேன். அப்பவும் விழுது. என் கையும் நடுங்குதா பெரியப்பா?"

ஈரப்பதம், மின்சாரம், பலகையின் குணம் என்று இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சேர்மனிடம் எப்போதும் பத்துப் பதினைந்து பதில் கையிருப்பில் உண்டு. தொண்டையைக் கனைத்து, வாயைத் திறந்தார்.

"கை இல்லம்மா," என்று வந்தது. "பாயிண்டு. நான் எடுத்துக் கொடுத்தது. இந்த எஞ்சினுக்கு அது சேராது."

அவள் சுவிட்சை அணைத்தாள். "எப்பத் தெரியும்?"

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"எப்பன்னு கேட்டேன்."

"அவன் வேலைய விட்ட பத்தாம் நாள்."

எத்தனை மாதம் என்று விரல் மடக்கி எண்ணுவாள், கத்துவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எஞ்சினைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தாள்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

அவர் இன்னும் நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி. அம்மாகிட்டயாவது சொல்லிடுங்க," என்றாள். "நாலு மணிக்கு முன்னாடி. அப்பா வீட்ல இருக்கும்போதே."

"நீ கூட வர்றியாம்மா?"

"நான் எதுக்கு?"

அவள் குறடு ஒன்றை எடுத்து மூன்றாவது பாயிண்டின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். சேர்மன் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, வாங்கிக்கொள்வதற்காக உள்ளங்கையை நீட்டினார். அவள் ஆணியை அந்தக் கையைத் தாண்டிக் கொண்டுபோய், பசை டப்பாவின் மூடியில் போட்டாள். அடுத்ததையும் அங்கேயே போட்டாள். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

பாயிண்ட் கழன்று வந்தது. அடியில் பலகை வழவழவென்று, அறையின் வேறெந்த மரத்தையும்விட வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கு அப்பாவும் இப்போது மகளும் எத்தனையோ தடவை பிடுங்கிப் பதித்த இடம்.

"அத்தான்," என்று கூடத்திலிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். "டாக்டர் கிளம்பறாராம். வாங்க."

"வர்றேம்மா," என்றார். ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையின் மேல் குனிந்தார். அத்தனை தடவை அடித்தும் ஆணி ஒன்றுகூட விலகாமல், துளைகள் நான்கே நான்குதான் இருந்தன.