ஆயுத பூஜைக்குக் கழுவிய கடல்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது; அடுத்தவன் சரக்கைக் கைமாற்றி விடுவதுதான் தொழில். இதை விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார், சிரித்துக்கொண்டே. வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே சிரிப்பில்லை.

2
'அலைகள் ஓய்வின்றி...' (இப்படித் தொடங்க வேண்டாம். விழுப்புரத்தில் ஏது அலை?)

1986. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி. தாவரவியல் ஆசிரியை கிருஷ்ணவேணி, வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணம் போய், கடலில் துணிவலை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளை அள்ளிவந்தாள்.* கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிப் புட்டியில் வைத்தால் பாசி அடியில் படியும்; மேலே வெறும் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். அதில் ஒரு புட்டியில், யாரும் இன்னும் பெயர் வைக்காத பாசி. அவளுடைய முனைவர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது.

* அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிற வேலை. எடுத்துவிட்டேன்.

3
ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைக் கழுவினார்கள். வகுப்பு முடிந்து அவள் வந்தபோது, புட்டிகள் பளபளவென்று, ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"எல்லாம் நம்ம கைவேலதாம்மா" என்றார் ஆய்வக உதவியாளர் தாண்டவராயன். "அடியில அழுக்கு தங்கிப்போய் கெடந்துச்சு. நாத்தம் வேற, மூக்கப் பிடிச்சிக்கினு கழுவுனேன். நல்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன் பாருங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு உடலம்மா. அரகொறயா பண்ணுவனா நானு?"

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். கத்தவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

நீட்டிய பொரியை வாங்கிக்கொண்டாள். "நல்லாருக்குங்க" என்றாள். முன்பு ஓர் அமில ஜாடியை உடைத்ததற்குத் தாண்டவராயனிடம் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார்: 'இன்னொரு தப்பு, ஊட்டுக்குப் போய்க்கினே இரு.'

4
அவளுடைய முனைவர் பட்டத்துக்கான தேர்வாளர் வந்தார். பக்கத்தில் முதல்வர். அந்தப் பாசியைப் பார்த்து அவள் வரைந்திருந்த படங்களைத் தேர்வாளர் புரட்டினார்.

"படம் யாரு வேணா போடலாம்மா. சாம்பிள் எங்க?"

முடிவு அ: நடந்ததைச் சொல்கிறாள். அவளை நம்புவார்கள், தாண்டவராயன் வீட்டுக்குப் போவார்.

முடிவு ஆ: 'நானே உடைச்சிட்டேன்' என்கிறாள். அவர் வேலை நிலைக்கும். இல்லாத பாசியை வரைந்தவள் என்ற பேர் இவளுக்கு நிற்கும்.

முடிவு இ: மறுபடி கடலுக்குப் போ— (போனாளாம். அந்தப் பாசி வலையில் விழவேயில்லையாம்.)

எது நடந்தது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லத்தான் செய்தார். நான் சொல்வதாக இல்லை. சொன்னால், அவள் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்பெழுதிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

காபி கொண்டுவந்த தாண்டவராயன் முந்திக்கொள்கிறார்: "சாம்பிள் புட்டிதானேங்க? ஜல்தியா எடுத்தாரேன்." முகமெல்லாம் பெருமை. அலமாரியைத் திறந்துவிட்டார். இனி அவள் பேசியாக வேண்டும். மீதியை நீங்கள் எழுதுங்கள்:

"நில்லுங்க தாண்டவராயன்" என்றாள் கிருஷ்ணவேணி. "அந்தப் புட்டிய