ஓடுகிற லிஃப்ட்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கயிற்றைத்தான் தடவிப் பார்ப்பார். அதனால் கூட வேலை செய்பவர்களுக்கு அவர் 'கயிறு அண்ணன்'. மாதாமாதம், ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டை நிறுத்தி, மஞ்சள் பலகையை மாட்டிவிட்டு மேலே ஏறிவிடுவார். குடியிருப்பவர்கள் கத்துவார்கள். அவர் அசைய மாட்டார்.

"நின்ன லிஃப்டை யார் வேணா பாப்பாங்க. ஓடுற லிஃப்டைப் பாக்கிறதுதாங்க வேலை."

ஊருக்குத்தான் இந்த உபதேசமெல்லாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்று சுகாதார நிலையத்தில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குப்பி கொடுத்தார்கள். மலத்தில் துளியூண்டு எடுத்து மூடிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் மறுநாளே கொடுத்து, ஒன்றுமில்லை என்ற பதிலும் வாங்கிவிட்டேன். அவருடைய குப்பி பற்பசைக்குப் பக்கத்தில் தூசி படிந்து நின்றது.

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கெதுக்கு? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்காதே."

"வலி வந்தாத்தான் போவீங்களா?"

"வரட்டும், பாத்துக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! அவர் வண்டியிலிருந்த மஞ்சள் பலகையை எடுத்துவந்து கழிப்பறைக் கதவில் மாட்டினேன். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது.' விடிந்ததும் கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

எழுந்து வந்தவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வழி விடு தாயே, அவசரம்!"

"குப்பியோட போங்க. இல்லன்னா எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்க."

முனகிக்கொண்டே வாங்கிப் போனார்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறது என்று பதில் வந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி, புற்றுநோய்தான். அந்த மனுஷன் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்து, மருத்துவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"அழாதீங்கம்மா. வேற எங்கேயும் பரவல. வெட்டி எடுத்துட்டா போதும். வலி வரட்டும்னு இருந்திருந்தா கதையே வேற" என்றார் அவர்.

சொன்னபடியே வெட்டி எடுத்தார்கள். மேற்கொண்டு மருந்துகூடத் தேவைப்படவில்லை.

உடம்பு தேறி முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, கனமாக எதையாவது தூக்கிவிடுவாரோ என்று நானும் கூடப் போனேன். ஏழு மாடிக் குடியிருப்பு. பலகையை மாட்டியதுதான் தாமதம், குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொந்தியோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே ஓடுது? எதுக்கு நிறுத்துற?"

இவர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"நானும் நல்லாத்தாங்க ஓடிட்டிருந்தேன்."

விஷயத்தைக் கேட்ட செயலாளர் தன் தொந்தியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் குப்பி எங்கம்மா குடுக்கறாங்க?" என்றார். வழி சொன்னேன். "பாக்கலாம், அடுத்த மாசம்..." என்று இழுத்தார்.

அதற்குள் லிஃப்டின் மேல் ஏறிவிட்டிருந்த என் வீட்டுக்காரர் குரல் கணீரென்று வந்தது.

"இந்த வேலை முடிஞ்சதும் அந்தப் பலகையை அவர் வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு வா!"

கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.