தம்பியின் கணினியில் மட்டும்

அக்காவும் தம்பியும் வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதைக் கணினியில் நடத்திக் காட்டும் மென்பொருளைத் தம்பி எழுதுவான். யாரும் இலவசமாக இறக்கி, ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அதைப் பொட்டலம் கட்டுவது அக்காவின் பாடு. "நீ சமைக்கிற, நான் கட்டிக் குடுக்கிறேன். பேரு உனக்கு, கறை எனக்கு" என்பாள். நிரலை ஓடும் மென்பொருளாக மாற்ற அவன் எழுதிய கட்டுமான விதிகளை அவள் கிளறியதில்லை. அவள் கட்டியதை அவன் பிரித்துப் பார்த்ததில்லை.

தம்பி இறந்தபின் இது முதல் வெளியீடு. பொட்டலங்களைக் கட்டிச் சோதிக்கும் பொதுக் கட்டுமான இயந்திரத்திடமிருந்து காலையில் செய்தி வந்தது. அவன் கடைசியாகச் சேர்த்த சோதனை தோற்றிருந்தது. சிறிய நரம்பணு வலையை ஓடவிட்டு, எந்த அணு எப்போது துடிக்கிறது என்பதை அவன் சேமித்து வைத்த விடையோடு ஒப்பிடும் சோதனை அது.

இலவசப் பொட்டலங்களைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பாளனை அழைத்தாள். தேறாத பொட்டலங்களை வெட்டித் தள்ளுவதால் எல்லாரும் அவனைக் கத்தரி என்பார்கள்.

"சாயங்காலம் கதவச் சாத்திருவேன்க்கா. தேறலேன்னா உங்க பொட்டலத்தத் தூக்கிருவேன். அப்புறம் சத்தம் போடக் கூடாது."

"தூக்கினா கேக்க நாதி இல்லாம போயிரும்டா. எழுதினவனே இல்ல."

"தெரியும். அதான் போனையே எடுத்தேன்."

"அந்த ஒரு சோதனைய மட்டும் அணைச்சிரட்டுமா?"

"பரீட்சையே வைக்காம பாஸ் போடச் சொல்றீங்க. உங்க தம்பி ஒத்துக்குவாரா?"

போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து வேண்டுமென்றே நிற்பது போலிருந்தது.

தம்பி மனைவி, மடிக்காத துணிக் குவியலுக்கு அடியிலிருந்து அவனுடைய மடிக்கணினியை எடுத்துத் தந்தாள். சோதனை அதில் ஒரே ஓட்டத்தில் தேறியது.

"பாத்தீங்களா அண்ணி? அவருகிட்ட எல்லாம் ஒழுங்காத்தான் ஓடும்."

அக்காவுக்கு அதுதான் பயத்தைக் கூட்டியது. இங்கே மட்டும் ஏன் ஓட வேண்டும்? முதல்முறையாக அவனுடைய விதிகளை வரிவரியாகப் படித்தாள். நடுவில் ஒரு வரி: கட்டும் கணினியின் செயலிக்கே பொருத்திக் கட்டு. வேகப் பைத்தியம் அவன். ஊர்ப்பட்ட கணினிகளுக்குப் போகிற பொட்டலத்தில் அந்த வரி இருக்கவே கூடாது.

அதை நீக்கி மறுபடி கட்டினாள். உடனே இங்கேயும் தோற்றது.

அவன் சேமித்த விடையையும் இப்போது வந்த விடையையும் வரைபடமாக்கி அருகருகே வைத்தாள். கணக்கிடும் விதம் செயலிக்குச் செயலி மாறுவதால், கடைசித் தசமத்தில் ஒரு மயிரிழை வேறுபாடு. அதனால் ஓர் அணு சற்றுத் தாமதமாகத் துடித்து, பக்கத்து அணுவையும் தாமதப்படுத்தி, அப்படியே வலை முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் எல்லா அணுக்களும் சேர்ந்து துடிக்கும் மொத்தத் தாளம் மாறவில்லை.

"அப்ப அவரு தப்பா எழுதிட்டாரா, அண்ணி?"

"தப்பில்லம்மா. தன் பெட்டி சொல்றதத்தான் எல்லாப் பெட்டியும் சொல்லும்னு நெனச்சிட்டான். உலகமே தன்ன மாதிரின்னு நெனைக்கிறது அவனுக்குப் புதுசா என்ன?"

தம்பி மனைவி சிரித்தாள். சிரித்தபடியே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தனித்தனித் துடிப்பை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் ஒப்பிடும்படி சோதனையை மாற்றினாள். அவன் சேமித்த விடை இருந்தால் மற்றக் கணினிகளில் தோற்றுக்கொண்டேதான் இருக்கும்; இனி அது பொட்டலத்தில் இருக்க முடியாது. நீக்கும் விசைமேல் விரல் நின்றுபோனது.

"அவரு வச்ச விடைய எடுத்தாத்தான் பொழைக்குமா?"

"ஆமா."

"எடுத்துருங்க. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கட்டும்."

அனுப்பினாள். ஒவ்வொரு கட்டுமான இயந்திரமாகத் தேறிக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே மந்தமானது மட்டும் பதில் சொல்லவில்லை. சன்னலில் வெளிச்சம் குறைந்தது. கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்தது. போன் அதிர்ந்ததும் இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

'கடைசியும் தேறிடுச்சு. கதவச் சாத்துறேன், விரல எடுங்க அக்கா' என்று எழுதியிருந்தான் கத்தரி.

அக்கா பையைத் தேடினாள்.

"அண்ணி, அவரோட பழையத ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன்."

திரும்ப உட்கார்ந்து, அவன் எழுதியபடியே ஓடவிட்டாள். மடிக்கணினியின் விசிறி இரைந்தது. திரையில் முதல் துடிப்பின் புள்ளி, அவன் பார்த்த அதே இடத்தில் எரிந்தது.